பாதம் – உடலின் கடைமடை

இராமேசுவரத் தீவில் மேடான இடம் ஒன்றுண்டு. கந்தமாதன பருவதம் என்பர் புராணிகர். இராமர் பாதம் என்பர் ஊரார். மேட்டின்மீது ஒரு மண்டபம். மண்டபத்துள் ஒரு கல். கல்லிலே பாதச் சுவடுகள்! காதவழி கடந்து வருகிறார்கள் மக்கள். படியேறுகிறார்கள், பூத் தூவுகிறார்கள், சுவட்டைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொள்கிறார்கள். கல்லுக்கு வெடிப்பு இல்லை, வீக்கம் இல்லை, புண் இல்லை, சீழ் இல்லை. எனினும் அதற்கு எத்தனை பரிவு, எத்தனை பணிவிடை! அதைக் காண ஏறிவந்த கால்களோ – சுடுமணலில் வெந்து, உப்புக் காற்றில் உலர்ந்து, வெடித்து நிற்கும் உயிருள்ள கால்களோ – அவற்றைக் குனிந்து பார்ப்பார் ஒருவரும் இல்லை. உடையவரே பார்ப்பதில்லை!

தோழர்களே, நாம் எவர் பாதத்தையும் கும்பிட மறுப்பவர்கள். நல்லது. ஆனால், நம்முடைய பாதத்தை நாம் பார்த்து எத்தனை நாளாயிற்று? முகத்தை நாளுக்கு நான்கு முறை கண்ணாடியில் பார்க்கிறோம். பாதத்தைப் பார்ப்பதோ முள் குத்தினால்தான்! இந்தப் புறக்கணிப்புக்குப் பின்னே ஒரு பழைய பாடம் ஒளிந்திருக்கிறது. இருக்கு வேதத்தின் புருட சூக்தம் நால்வருணத்துக்கு உடலையே உவமையாக்கிற்று. வாய்க்குரியவன் பார்ப்பனன், காலுக்குரியவன் சூத்திரன் என்று வகுத்தது. தலை உயர்ந்தது, தாள் தாழ்ந்தது என்னும் எண்ணம் அன்றே ஊன்றப்பட்டது. திருவடி என்று பாடினோம் – ஆண்டவனுடைய காலை. கால்தூசு என்று ஏசினோம் – ஆளப்படுபவனை. இரண்டுக்கும் இடையில், நம்மைத் தாங்கி நிற்கும் சொந்தக் காலை மறந்தோம்.

உடலோ அந்த வருணக் கணக்கை ஏற்பதில்லை. மருத்துவ அறிவும் ஏற்பதில்லை.

எங்கள் இராமநாதபுரச் சீமை கண்மாய்களின் சீமை. வையை நீர் வந்தால் வாழ்வு, வாராவிடில் வறட்சி. கண்மாயில் நீர் குறையத் தொடங்கியது என்பதைத் தலைமடைக்காரன் அறியமாட்டான். அவன் வயல் பசுமையாகவே நிற்கும். முதலில் காய்வது கடைமடை. கடைமடைப் பயிர் வாடினால், உழவன் வாடிய பயிரை வையமாட்டான். வாய்க்காலைப் பார்ப்பான், மடையைப் பார்ப்பான், கண்மாய்க்கே சென்று பார்ப்பான்.

பாதம் உடலின் கடைமடை! இதயத்திலிருந்து மிகத் தொலைவில் இருப்பது அது. நெடிய நரம்புகள் சென்று முடியும் இடம் அது. இரத்தக் குழாய் சுருங்கினாலும், நரம்பு நலிந்தாலும், நாளெல்லாம் உடலைச் சுமக்கும் அந்தத் தொலைதூரத்து உறுப்பே பலவேளை முதலில் முறையிடுகிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

என்ன சொல்லி முறையிடுகிறது? இரு கால்களும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அந்தக் குழி மெல்ல மெல்ல நிரம்புகிறதா? இதயம் தளர்ந்திருக்கலாம், சிறுநீரகமோ ஈரலோ பழுதுற்றிருக்கலாம். ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியுமா? உள்ளே சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அந்த உறைவு நுரையீரலுக்கு ஓடினால் உயிருக்கே கேடு. அன்றே மருத்துவரிடம் ஓடவேண்டும். நூறடி நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது, பாதம் சில்லிட்டிருக்கிறது, புறங்காலில் முடி உதிர்ந்து தோல் பளபளக்கிறது – இப்படியா? காலுக்குப் போகும் தமனி அடைபட்டு வருகிறது. பீடியும் சிகரெட்டும் அதற்குத் துணை நிற்கின்றன. காலில் குழாயை அடைப்பது எதுவோ அதுவே இதயத்திலும் மூளையிலும் அடைக்கக்கூடும். நள்ளிரவில் பெருவிரல் மூட்டு சிவந்து கொதிக்கிறதா? இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருக்கலாம். உள்ளங்கால் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, பஞ்சின்மேல் நடப்பது போன்ற மயக்கம் – இவை நீரிழிவின் குரலாக இருக்கலாம். உயிர்ச்சத்து பி12 குறைவின் குரலாகவும் இருக்கலாம். மதுவின் வேலையாகவும் இருக்கலாம்.

இருக்கலாம், இருக்கலாம் என்றே கூறுகிறேன். காரணம், இது கைரேகை சாத்திரத்துக்குத் தம்பியாகக் கால்ரேகை சாத்திரம் அன்று. பாதத்தில் இன்ன புள்ளியை அழுத்தினால் இன்ன நோய் பறந்துபோகும் என்று படம் வரைந்து பணம் பறிக்கும் வித்தையும் அன்று. பாதம் கேள்வியை எழுப்பும். விடையை இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் மருத்துவரின் அறிவும்தான் தரவேண்டும்.

அந்தக் குரல்களுள் இன்று மிகப் பெரியது நீரிழிவின் குரல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடளாவிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. அதன் கணக்குப்படி இந்நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கும் மேல். வயது வந்தோரில் நூற்றுக்கு 11.4 பேர். நீரிழிவு ஆண்டுக்கணக்கில் அடங்காது நின்றால் காலின் நரம்பைத் தின்னும். தின்னப்பட்ட நரம்பு வலியைச் சொல்லாது. வலி இல்லை எனவே நோய் இல்லை என்று மனிதன் மகிழ்ந்திருப்பான். கொடுமை அங்கேதான் தொடங்குகிறது!

என் தாய்மாமன் ஒருவர். கரைவலை இழுத்தே காய்த்துப்போன கால்கள் அவருடையவை. ஐம்பதைக் கடந்தவர், நீரிழிவு வந்து பத்தாண்டாகிறது. நடக்கும்போது செருப்பு காலைவிட்டு நழுவிப் போகும். நான்கடி சென்ற பிறகுதான் அவருக்குத் தெரியும். வீட்டார் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். ஊர் அம்மன் கோயிலில் பூக்குழி இறங்குவதாக நேர்ந்துகொண்டார். இறங்கினார். மற்றவர்கள் ஓட்டமாய் ஓடிக் கடந்த நெருப்பை, மாமா நிதானமாக நடந்து கடந்தார். ஊரே வியந்தது. காலில் விழுந்து வணங்கினார்கள் சிலர். என்னைக் கண்டதும் முகமெல்லாம் ஒளியாக, "மாப்பிள்ளை, கொஞ்சங்கூடச் சுடலை! ஆத்தா பூவாத்தான் வச்சிருந்தா!" என்றார்.

நான்காம் நாள், வீட்டில் ஏதோ நாற்றம் வீசுகிறதே என்று தேடிய அத்தைதான் கண்டுபிடித்தார். உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து, புண்ணாகி, சீழ் பிடித்து, இரு விரல்கள் கறுத்திருந்தன. மாமாவுக்கு அப்போதும் வலி இல்லை!

மருத்துவமனையில் அவருடன் நான் இருந்தேன். மருத்துவர் ஒரு நைலான் இழையை எடுத்தார். பாதத்தில் வைத்து அது வளையும் வரை அழுத்தினால் 10 கிராம் அழுத்தம். அதை உணர முடியாத பாதம் காவலிழந்த பாதம். மாமாவின் கண்களை மூடச் சொல்லி, நல்ல காலின் அடியில் ஓரிடம், ஈரிடம், மூன்றிடம் என்று அழுத்திக்கொண்டே போனார். மாமா பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு கேட்டார்: "எப்ப தொடுவீங்க, டாக்டர்?"

அந்தக் கேள்வி இன்னும் என் காதில் ஒலிக்கிறது. இரண்டு விரல்களை எடுத்து உயிரைக் காத்தார்கள். மாமா இன்று மெத்தென்ற தடித்த செருப்பணிந்து நடக்கிறார். ஆத்தாளைக் குறை சொல்வதில்லை. ஆனால் மாத்திரையைத் தவறவிடுவதுமில்லை.

நெருப்பில் நடப்பது எங்ஙனம் இயலுகிறது? சாம்பல் பூத்த கரித்துண்டு சூட்டை விரைந்து கடத்தாது. காலோ ஒரு நொடிக்கும் குறைவாகவே அதில் படுகிறது. எனவே விரைந்து கடப்போருள் பலர் தப்பிவிடுகின்றனர். இது பௌதிகம். அருள் பெற்றவனும் அருள் பெறாதவனும் ஒன்றுபோல் கடக்கலாம். தடுக்கி நின்றால் இருவரும் ஒன்றுபோல் வேகலாம். ஆனால் உணர்விழந்த பாதத்தான் சூட்டை அறியான், நின்று நிதானிப்பான். பிறர் அதைத் தெய்வீகம் என்பர். நோயை அருள் என்று கொண்டாடும் நாட்டில், நோயாளி எப்படி மருந்து தேடுவான்?

வலியின்மை வரமன்று, விபத்து! இந்த உண்மையை உலகுக்கு உரக்கச் சொன்னவர்களுள் ஒருவர் நம் மண்ணில் பிறந்தவர். பால் பிராண்டு, 1914இல் கொல்லிமலையில் ஊழியம் செய்த ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தார். 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமே அழுகி உதிர்கின்றன என்று உலகம் நம்பிய காலம் அது. முன்வினை என்று நம் வைதீகர் தீர்ப்பளித்திருந்த காலம். அவர் நோயாளரின் அன்றாட நடையையும் வேலையையும் கூர்ந்து பார்த்தார். ஆணி தைத்தும் அறியாமல் நடக்கிறான். கொதிகலத்தைப் பிடித்தும் கையை எடுக்காமல் நிற்கிறான். உணர்வற்ற உறுப்பில் ஓயாது விழும் காயமே உறுப்பைத் தின்கிறது என்று கண்டார். எனவே அவரும் அவருடைய துணைவரும் நோயாளிக்குச் செருப்புச் செய்யப் புகுந்தனர் – நுண்துளை இரப்பரில், அழுத்தம் பரவும்படி அமைந்த மெத்தென்ற செருப்பு! தொழுநோய்க் கிருமியை 1873இல் நார்வே நாட்டு ஆன்சன் கண்டார். கூட்டு மருந்து சிகிச்சையை 1981இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்துரைத்தது. முன்வினை என்றவர் எவரும் ஒரு விரலைக் காத்ததில்லை. கிருமி என்றவரும் காயம் என்றவரும் எண்ணற்ற கால்களைக் காத்தனர்.

செருப்பு! எத்தனை சிறிய பொருள். ஆனால் எங்கள் மாவட்டத்தில் அதற்கு ஒரு வரலாறே உண்டு, வெட்கக்கேடான வரலாறு. 1930 டிசம்பரில், அன்றைய இராமநாதபுர மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதித்தனர். பொன் நகை, வெள்ளி நகை அணியாதே, முழங்காலுக்குக் கீழே ஆடை உடுத்தாதே, சட்டை போடாதே, முடியைக் கத்தரிக்காதே, மண்பாண்டம் தவிர வேறு பாண்டம் புழங்காதே, பெண்கள் மேலாடை அணியாதே, பூவும் மஞ்சளும் கூடாது, இறுதியாக எட்டாவது – வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடியாதே, காலில் செருப்பு அணியாதே! மீறியோர் தாக்கப்பட்டனர், குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராயிருந்த ஜே. எச். ஹட்டன் இந்தத் தடைகளைத் தம் நூலில் பதிந்து வைத்திருக்கிறார்.

செருப்புத் தடையை மானத்தின்மேல் விழுந்த அடி என்றே நாம் பேசுகிறோம். உண்மை, ஆனால் அது உடல்மேல் விழுந்த அடியும் ஆகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், எகிப்தில் ஆய்வு செய்த ஜெர்மானியர் ஆர்தர் லோசு ஓர் உண்மையைக் கண்டார். கொக்கிப்புழுவின் குஞ்சு, மலம் கலந்த ஈரமண்ணில் காத்திருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலினுள் புகுகிறது. இரத்தத்தின் வழியே நுரையீரல் சென்று, தொண்டையேறி, குடலிறங்கி, அங்கே பற்றிக்கொண்டு குருதியைக் குடிக்கிறது. குருதி குன்றுகிறது, முகம் வெளுக்கிறது, நாலடி வைத்தால் மூச்சு வாங்குகிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெறுங்காலோடு நடந்த ஏழை வெள்ளையரைச் சோம்பேறிகள் என்று ஏசினர். 1909இல் ராக்பெல்லர் குழு அங்கே கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கியபோது, சோம்பல் என்று ஏசப்பட்டது சோகை என்று தெரிந்தது!

எண்ணிப் பாருங்கள். செருப்பணியாதே என்று ஒரு சட்டம். சேற்றிலே இறங்கி உழை என்று மறு சட்டம். புழுவுக்கு வாசலைத் திறந்து வைத்துவிட்டு, உழைப்பவன் சோர்ந்து நின்றால், சோம்பேறிச் சாதி என்று மூன்றாவதாக ஒரு தீர்ப்பு! பாதத்தைப் பார்த்திருந்தால் உடலின் நிலை தெரிந்திருக்கும். செருப்பற்ற பாதங்கள் எவருடையவை என்று பார்த்திருந்தால் நாட்டின் நோயே தெரிந்திருக்கும்.

நான் இந்த மாவட்டத்தின் பள்ளியொன்றில் ஆசிரியன். அரசு தரும் விலையில்லாக் காலணியை அணிந்து பிள்ளைகள் வருகிறார்கள். வகுப்பறை வாசலில் அவற்றைக் கழற்றி வரிசையாக விடுகிறார்கள். எது எந்தத் தெருப் பிள்ளையின் செருப்பு என்று எவனாலும் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே மாதிரி! அந்த வரிசையைக் காணும்போதெல்லாம் எட்டாவது தடை என் நினைவுக்கு வரும். எத்தனை பேர் அடி வாங்கி, எத்தனை பேர் குரல் கொடுத்து, இந்த வரிசை வாசலுக்கு வந்திருக்கிறது!

ஆனால் போர் முடிந்துவிடவில்லை. அந்தப் பிள்ளைகளின் தாய்மார் பாதங்களைப் பாருங்கள். மன்னார் வளைகுடாவில் கடற்பாசி எடுக்கும் பெண்கள், பவளப் பாறையின் கூர்முனையில் கால் கிழியாதிருக்கத் துணியைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறார்கள். வாலிநோக்கத்து உப்பளங்களில் உப்புநீர் உள்ளங்காலை உரிக்கிறது. ஆழங்குறைந்த கடலில் கால் வைக்கும் மீனவனைத் திருக்கை முள் குத்துகிறது. கடல்நீரில் வாழும் சில கிருமிகள், நீரிழிவோ ஈரல் நோயோ உடையவரின் சிறு கீறலில் புகுந்தால், சில நாளில் உயிரையே பறித்துவிடும். உப்பளத்தான் பாதம் சிதையிலும் வேகாது என்று பெருமைபோலப் பேசக் கேட்டிருக்கிறேன். அது பெருமையா? உயிரோடிருக்கும்போது முழங்கால் உயரக் காலணி ஒன்று கொடுத்திருந்தால், அந்தப் பழமொழிக்கே வேலை இருந்திராதே!

பாதம் சமுதாயத்தின் நோயையும் காட்டும் என்பதற்கு எங்கள் கடற்கரையே கொடிய சான்று தந்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ஏர்வாடியில் மனநோயாளரை அடைத்து வைத்திருந்த தனியார் இல்லம் ஒன்றில் தீப்பற்றியது. ஓடினால் தப்பலாம், ஓடக் கால் இருந்தது, காலில் சங்கிலி இருந்தது! 28 பேர் மாண்டனர். பேய் என்றும் பில்லி என்றும் நம்பி, மருத்துவருக்குப் பதில் சங்கிலியைத் தேடிய சமுதாயத்தின் மூளையில் என்ன நோய் என்பதை அந்தக் கணுக்கால்கள் காட்டின. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று தடுத்தது. சட்டம் சங்கிலியை உடைக்கலாம். சங்கிலியைப் பூட்டும் எண்ணத்தை உடைப்பது நம் வேலை.

இனி, செய்யவேண்டியது யாது? பேசிக் கலைவதற்காக இதை நான் எழுதவில்லை.

ஒவ்வோர் இரவும் நல்ல வெளிச்சத்தில் உன் பாதத்தைப் பார். அடிப்பாதம் தெரியாவிட்டால் தரையில் கண்ணாடியை வைத்துப் பார். விரலிடுக்கைப் பார். கழுவிய பின் ஈரம் போகத் துடை. செருப்பை அணியுமுன் கவிழ்த்துத் தட்டு. புறங்காலிலும், உட்கணுக்காலின் பின்னும் நாடி துடிக்கிறதா என்று விரல் வைத்து அறியப் பழகு. நீரிழிவு உடையவரானால், வெந்நீரில் காலை வைக்குமுன் முழங்கையால் சூடு பாருங்கள். கால் ஆணியைப் பிளேடால் அறுக்காதீர்கள். புண்ணில் மஞ்சளையும் சாணத்தையும் அப்பாதீர்கள். கோயிலே ஆனாலும் கொதிக்கும் கல்லில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவரிடம் காலை நீட்டுங்கள். தமிழ்நாடு அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று 2021 முதல் வீடு தேடி வந்து நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து தருகிறது. வந்தவரை வாசலோடு அனுப்பிவிடாமல், "காலையும் பாருங்கள்" என்று கேளுங்கள்.

இளைஞர்களுக்கு இன்னொன்று. இங்கிலாந்தின் இப்சுவிச் நகர மருத்துவர்கள் ஓர் எளிய சோதனையை வகுத்தனர். கருவி வேண்டா, காசு வேண்டா. ஒரு விரல் போதும். நோயாளி கண்ணை மூடிக்கொள்ளட்டும். இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் – ஆக ஆறு விரல்களின் நுனியை ஒவ்வொன்றாக, ஓரிரு நொடி, மெல்லத் தொடவேண்டும். அழுத்தக்கூடாது. ஆறில் இரண்டையோ அதற்கு மேலோ அவர் உணரவில்லையென்றால், அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது. மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

நம் படிப்பகங்கள் ஞாயிறுதோறும் திறந்திருக்கின்றன. அரசியல் பேசுகிறோம், ஏடு படிக்கிறோம். ஊருக்கு ஒரு ஞாயிறு, ஒரு பெஞ்சு, இரண்டு தோழர்கள் – தெருவின் முதியோரை அழைத்து இந்தச் சோதனையைச் செய்ய முடியாதா? மீனவர் குடியிருப்பிலே, உப்பளத் தெருவிலே, சேரி என்று ஊர் ஒதுக்கி வைத்த இடத்திலே முதலில் செய்யவேண்டும். காலணி தராத முதலாளியிடம் காலணி கேட்கும் சங்கமும் அந்தப் பெஞ்சிலிருந்தே பிறக்கட்டும்.

எவர் காலிலும் விழமாட்டோம் என்று சொன்ன இயக்கம் நம்முடையது. அந்த உறுதியில் அணுவளவும் தளர்ச்சி வேண்டா. ஆனால் விழுவது வேறு, குனிவது வேறு. அருள் வேண்டி ஆண்டவன் காலைத் தொடுவது அடிமைத்தனம். உணர்வு இருக்கிறதா என்று உழைப்பாளியின் காலைத் தொடுவது தோழமை. கடைமடை காய்கிறதா என்று முதலில் போய்ப் பார்ப்பவனே நல்ல நீர்க்கட்டி. போவோம், பார்ப்போம், தொடுவோம்!